ரைமர் அணைத்த விளக்கு

(திருகோணமலையில் விடுதி நடத்துவோரும் மின்வேலை செய்வோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருகோணமலை விடுதிக்காரரின் ஆண்டு தெற்குக் கரையின் ஆண்டு அல்ல. அங்கே கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நமது கடல் அடங்கிக் கிடக்கும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். பிறகு வாடைக்காற்று எழும். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிடும். அந்த மாதங்களில் பல நீச்சல் தடாகங்கள் இலையும் பாசியுமாகக் கிடக்கின்றன. நிலமட்டத்துக்குக் கீழே கட்டிய பம்ப் அறைகளில் தண்ணீர் தேங்குகிறது. பங்குனி முடிவில் முதல் முன்பதிவு வந்ததும் ஓர் அவசரம் தொற்றிக்கொள்ளும். தடாகத்தைக் கழுவ வேண்டும், நிரப்ப வேண்டும், இரவில் நீல வெளிச்சம் தெரிய வேண்டும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் நான்கில் இரண்டு எரியாது. "தம்பி, இறங்கி அதைக் கழற்றிப் பார்" என்று ஒருவர் சொல்லுவார். தம்பி இறங்குவான்.

இறங்குமுன் யாராவது கேட்பார்கள்: "கரண்டை நிப்பாட்டியாச்சோ?"

பதில் வரும்: "ஓம், ரைமர் நிப்பாட்டித்தான் கிடக்கு. பின்னேரம் ஆறரைக்குத்தான் போடும்."

இந்தப் பதிலைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்தேன். ரைமர் அணைத்த விளக்கை மின்சாரம் இல்லாத விளக்கு என்று நம்பி எவரும் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. இன்று நான் சொல்லப்போகிற எல்லாம் இதற்கான காரணங்கள்தான்.

நம் பம்ப் அறைகளில் அதிகமாக இருப்பது வட்டத் தட்டு ரைமர். தட்டின் விளிம்பைச் சுற்றி 96 சிறு பற்கள் இருக்கும். ஒரு பல் 15 நிமிடம். தட்டைச் சுழற்றுவது உள்ளேயிருக்கும் ஒரு சிறு மோட்டார். நமக்கு வரும் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று அலைகிறது; அந்த அலையோடு அடியொத்து அந்த மோட்டார் ஓடுகிறது. கரண்ட் நின்றால் மோட்டாரும் நிற்கும், அதனோடு நேரமும் நிற்கும். சில ரைமர்களுக்குள் ஒரு சிறு பற்றரி இருந்து மின்வெட்டு நேரத்திலும் மணிக்கூட்டை ஓட்டும். அந்தப் பற்றரி சில ஆண்டுகளில் செத்துவிடும். செத்ததை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் கரண்ட் உள்ளவரை ரைமர் சரியாகவே ஓடும்.

2022 மார்ச் 31 உங்களுக்கு மறந்திருக்காது. நாடு முழுவதும் 13 மணிநேர மின்வெட்டு அறிவித்த நாள். பற்றரி இல்லாத ஒரு ரைமர் அப்படியொரு நாளுக்குப் பிறகு 13 மணிநேரம் பிந்திவிடும். பின்னேரம் ஆறரைக்குப் போட வேண்டிய விளக்கை அது மறுநாள் காலை ஏழரைக்குப் போடும். காலை ஏழரைக்குத் தடாகத்தில் யார் நிற்பார்? விருந்தினர் காலை உணவுக்குப் போயிருப்பார்கள். தண்ணீரில் நிற்பது துப்புரவு செய்கிற தம்பி. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறைத் துணைமின் நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கினால் நாடு முழுவதும் கரண்ட் நின்றது. அன்றைக்கும் இதுவேதான் நடந்திருக்கும். அறைக்கு அறை ரைமர்கள் அவரவர் பாட்டுக்கு வெவ்வேறு நேரம் காட்டியிருக்கும். கரண்ட் வந்ததும் குளிர்சாதனப் பெட்டியைப் பார்க்கிறோம், தண்ணீர் மோட்டாரைப் பார்க்கிறோம். ரைமரை யார் பார்க்கிறோம்?

நேரம் பிந்துவது ஒரு காரணம். அடுத்தது, ரைமர் எதை வெட்டுகிறது என்பது. விளக்குக்கு இரண்டு வயர் போகிறது. சாதாரண ரைமர் அதில் ஒன்றை மட்டும் வெட்டும். வயரிங் செய்தவர் ஒழுங்காகச் செய்திருந்தால் வெட்டுப்படுவது லைவ். எங்கோ ஓரிடத்தில் லைவும் நியூற்றலும் மாறியிருந்தால் வெட்டுப்படுவது நியூற்றல்; விளக்கு அணைந்திருக்கும், ஆனால் அதன் உள்ளே 230 வோல்ற்று நின்றுகொண்டிருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஜெனரேற்றர் மாற்றுச் சுவிட்சை அவசரத்தில் பொருத்திய இடங்களில் இந்த மாறாட்டத்தைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மூன்றாவது காரணம் ரைமரின் உள்தொடுகை. பெட்டியின் மேல் 16 அம்பியர் என்று எழுதியிருக்கும். அந்தக் கணக்கு ஹீற்றர் போன்ற சுமைக்கு. பம்ப் மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் தன் வழமையான கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். ஒரே ரைமரில் பம்பையும் விளக்கையும் நேரடியாகக் கொளுவினால் தொடுகைகள் நாளடைவில் பொரிந்து, ஒருநாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு தட்டு ‘அணை’ என்ற இடத்தில் நின்றாலும் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். மோட்டாரை ரைமர் நேரே சுமக்கக் கூடாது. ரைமர் ஒரு கொன்ராக்ரரை (பெரிய கரண்டைத் தாங்கும் மின்காந்தச் சுவிட்சை) இயக்க வேண்டும், மோட்டாரைக் கொன்ராக்ரர் சுமக்க வேண்டும். ஒரு கொன்ராக்ரரின் விலை ஒரு பம்பின் விலைக்கு அருகில்கூட வராது.

இப்போது புதிதாக இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. கைபேசியில் இயக்கும் ரைமர்கள் வந்துவிட்டன. கொழும்பிலோ லண்டனிலோ இருக்கும் உரிமையாளர், விளக்கு எப்படியிருக்கிறது என்று கமராவில் பார்க்க விரும்பி விரலால் ஒருமுறை தட்டினால் போதும். நிலாவெளியில் தண்ணீருக்குள் நிற்பவனை அவருக்குத் தெரியாது.

இவ்வளவும் ரைமர் பற்றி. இனி, அந்தத் தண்ணீரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

மனித உடலுக்குள் ஏறத்தாழ 10 மில்லி அம்பியர் ஓடினால் தசை இறுகிவிடும். பிடித்ததை விட முடியாது. 30 மில்லி அம்பியர் அளவில் சிறிது நேரம் ஓடினாலே மூச்சுத் தடைப்படும். அதற்கு மேலே இதயம் தன் ஒழுங்கை இழக்கும். இப்போது உங்கள் பலகையிலுள்ள பிறேக்கரைப் பாருங்கள். விளக்குச் சுற்றுக்கு 10 அம்பியர் பிறேக்கர் போட்டிருப்பீர்கள். 10 அம்பியர் என்றால் 10,000 மில்லி அம்பியர். ஆளைக் கொல்ல அதில் முந்நூறில் ஒரு பங்கு போதும். பிறேக்கர் அதை உணரவே உணராது. வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதற்காகச் செய்யப்பட்டது அது. ஆளைக் காப்பது அதன் வேலை அல்ல.

தரையில் கரண்ட் அடித்தால் ஆள் தூக்கி எறியப்படலாம், கத்தலாம். தண்ணீரில் அப்படியில்லை. பழுதான விளக்கிலிருந்து கசியும் மின்சாரம் தண்ணீருக்குள் பரவி நிற்கும். தடாகத் தண்ணீர் நல்ல தண்ணீர். அதைவிட உப்பு நிறைந்த நம் உடல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே நீந்துபவரின் உடல் வழியாக அது பாதை தேடும். கை கால் இறுகும், வாய் திறக்காது, ஆள் சத்தமில்லாமல் தாழ்ந்துபோவார். வெளியில் எடுத்துப் பார்ப்பவர்களுக்கு நீரில் மூழ்கி இறந்தவர் என்றே தோன்றும். உடலில் பெரும்பாலும் எரிகாயம் இராது. இப்படி எத்தனை பேர் வெறும் நீரில் மூழ்கியவர்களாகவே கணக்கில் எழுதப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

2013இல் அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் ஒரு விடுதித் தடாகத்தில் குடும்பமாகக் குளித்தவர்கள் மின்தாக்குதலுக்கு உள்ளானார்கள். தம்பியைக் காப்பாற்றக் குதித்த 27 வயது இளைஞர் சில நாட்களில் இறந்தார். தடாக விளக்கின் மின்னிணைப்பில் பழுது. 2014 ஏப்ரலில் புளோரிடாவின் வட மயாமியில் சொந்த வீட்டுத் தடாகத்தில் நீந்திய 7 வயதுச் சிறுவன் இறந்தான். அதுவும் விளக்கின் வயரிங். 2017 ஜூனில் துருக்கியின் அக்யாசியில் ஒரு நீர்ப் பூங்காவில் ஒரே தடாகத்தில் ஐந்து பேர் இறந்தார்கள்; பிள்ளைகள் மூவர், மற்ற இருவரும் அவர்களைக் காப்பாற்றத் தண்ணீருக்குள் போனவர்கள். செல்வமுள்ள நாடுகள், சட்டம் எழுதிய நாடுகள். அங்கேயே இப்படி என்றால், உப்புக்காற்றும் மாரியும் மின்வெட்டும் சேர்ந்த நம் கரையில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

இந்தச் சாவுகளைத் தடுக்கக்கூடிய ஒரு கருவிக்கும் நீச்சல் தடாகத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. கலிபோர்னியாவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் டல்சியல் என்ற பேராசிரியர் இருந்தார். எவ்வளவு கரண்ட் ஓடும்வரை ஒரு மனிதனால் பிடித்த கம்பியை விட முடியும் என்பதைத் தாமாக முன்வந்த ஆட்களிடம் பல ஆண்டுகள் அளந்து பார்த்தவர் அவர். அந்த அளவுகளை வைத்து 1961இல், சிறு கசிவைக் கண்டதும் கணத்தில் சுற்றை வெட்டும் கருவியை உருவாக்கினார். நாம் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்வது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவின் மின்விதிகள் 1968இல் முதன்முதலாக அதைக் கட்டாயமாக்கின. குளியலறைக்கு அது 1975இல்தான் வந்தது. 1968இல் எதற்குத் தெரியுமா? நீச்சல் தடாகத்தின் நீரடி விளக்குக்கு. எல்லா ஆபத்துகளையும் நிறுத்துப் பார்த்தவர்கள் முதலில் கை வைத்த இடம் அதுவே.

உங்கள் ட்ரிப் சுவிட்சின் முகத்தில் ஓர் எண் இருக்கும். 30 மில்லி அம்பியர் அல்லது 0.03 அம்பியர் என்று இருந்தால் அது ஆளைக் காக்கும் வகை. 100, 300 என்று இருந்தால் அது தீயைத் தடுப்பதற்காகப் பெரிய விடுதிகளின் முதன்மைப் பலகையில் போடுவது. தடாகத்துக்கு அதை நம்பக் கூடாது. தடாகச் சுற்றுக்குத் தனியாக ஒரு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உப்புக்காற்றில் இதன் உள்ளுறுப்புகள் இறுகிப்போகும். அழுத்திப் பார்க்காமல் ஐந்து வருடம் கிடந்த ட்ரிப் சுவிட்ச் தேவையான நாளில் விழும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. பொத்தான் ஒன்றைத்தான் சொல்லும்: உள்ளே பொறி அசைகிறது. ஏர்த் சரியா, எத்தனை மில்லி செக்கனில் விழுகிறது என்பதையெல்லாம் அதற்கான சோதனைக் கருவியால்தான் அளக்கலாம். 30 மில்லி அம்பியருக்கு அது 300 மில்லி செக்கனுக்குள் விழ வேண்டும். ஐந்து மடங்கு கசிவுக்கு 40 மில்லி செக்கனுக்குள்.

ஏர்த் பற்றி நிலாவெளிக்காரருக்குத் தனியாக ஒரு சொல். நம் நாட்டில் பாவனையாளர் ஒவ்வொருவரும் தத்தமது நிலத்தில் கம்பி இறக்கித்தான் ஏர்த் எடுக்கிறோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரையோர மேல்மணல் காய்ந்து வறண்டுவிடும். கம்பி ஈரமண்ணைத் தொடவில்லையென்றால் ஏர்த்தின் தடை ஏறும். 20 ஓம் என்று வையுங்கள். பம்பின் உலோக உடலில் லைவ் பட்டால் 230ஐ 20ஆல் வகுத்து 11.5 அம்பியர் நிலத்துக்குள் ஓடும். பம்புக்கு 32 அம்பியர் பிறேக்கர், அது அசையாது. பம்பின் உடல் லைவாகவே நின்றுகொண்டிருக்கும். அதே இடத்தில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால், 11.5 அம்பியர் அதற்கு மலை, உடனே விழும். சுற்றுலாக் காலம் உச்சத்தில் இருக்கும் அதே மாதங்களில்தான் நமது ஏர்த் மிகவும் பலவீனமாக இருக்கிறது. ஏர்த்தை மாரியில் அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். ஆனி, ஆடியில் அளந்து பாருங்கள். அதோடு தடாகத்தின் ஏணி, கைப்பிடி, சுவரிலுள்ள இரும்புக் கம்பிவலை, பம்பின் உடல், உலோகப் பைப் எல்லாவற்றையும் ஒரே செம்புக் கம்பியால் இணைத்துவிட வேண்டும். அப்போது ஒரு பழுது வந்தாலும் ஏணிக்கும் தண்ணீருக்கும் இடையே வோல்ற்று வேறுபாடு எழாது. ஆளைக் கொல்வது அந்த வேறுபாடுதான்.

இப்போது விளக்குக்கு வருவோம். நாம் பின்பற்றும் பிரித்தானிய வயரிங் விதி, பிஎஸ் 7671, தடாகத்தை மூன்று வலயங்களாகப் பிரிக்கிறது. தண்ணீர் நிற்கும் தொட்டி வலயம் 0. விளிம்பிலிருந்து 2 மீற்றர் வரை வலயம் 1. அதற்கு அப்பால் ஒன்றரை மீற்றர் வலயம் 2. தொட்டிக்குள் இருக்கும் விளக்குக்கு 12 வோல்ற்றுக்கு மேல் மாறுமின்சாரம் போகக் கூடாது. அந்த 12 வோல்ற்றைத் தரும் ரான்ஸ்போமர் மூன்று வலயங்களுக்கும் வெளியே, அதாவது விளிம்பிலிருந்து மூன்றரை மீற்றருக்கு அப்பால் இருப்பது நல்லது. அது வெறும் 12 வோல்ற்று ரான்ஸ்போமராக இருந்தால் போதாது. உள்ளீட்டுச் சுருளும் வெளியீட்டுச் சுருளும் முற்றாகப் பிரிந்த பாதுகாப்பு ரான்ஸ்போமராக இருக்க வேண்டும். தடாகத்தைக் காக்கும் உண்மையான சுவர் அந்தப் பிரிவுதான். கடையில் மலிவாகக் கிடைக்கும் அலங்கார எல்.ஈ.டி பெட்டிகள் சிலவற்றில் இந்தப் பிரிவு கிடையாது. வெளியே 12 என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு பாகம் பழுதானால் 230 நேரே தண்ணீருக்குப் போகும்.

இங்கே மின்னியலாளர்களே பலர் பிழையாக விளங்கிக்கொள்ளும் ஒரு விடயம் இருக்கிறது. ரான்ஸ்போமருக்கு முன்னால் போட்ட ட்ரிப் சுவிட்ச் ரான்ஸ்போமருக்குப் பின்னால் நடப்பதைக் காணாது. 12 வோல்ற்றுப் பக்கத்தில் வயர் நைந்து தண்ணீரில் கசிந்தாலும் ட்ரிப் சுவிட்ச் விழாது, விழவும் வழியில்லை. ஆகவே "ட்ரிப் சுவிட்ச் விழவில்லை, விளக்கு நன்றாக இருக்கிறது" என்று சொல்வது தவறு. அந்தப் பக்கத்தை மனிதக் கண்ணும் காப்புத்தடை அளக்கும் கருவியும்தான் பார்க்க வேண்டும். பழைய தடாகங்கள் சிலவற்றில் இன்னும் 230 வோல்ற்று விளக்கே தண்ணீருக்கடியில் எரிகிறது. அப்படியொன்று உங்களிடம் இருந்தால், அதை எப்படிப் பராமரிப்பது என்று என்னிடம் கேட்காதீர்கள். தடாகத்தை மூடி, அதைக் கழற்றி எறியுங்கள்.

பார் 56 என்ற பழைய வகை விளக்கு 300 வாற்று. 12 வோல்ற்றில் அது 25 அம்பியர் இழுக்கும். 4 சதுர மில்லிமீற்றர் வயரில் 20 மீற்றர் ஓடினால் நாலரை வோல்ற்று வழியிலேயே போய்விடும், விளக்கு மங்கும். உடனே யாரோ ஒருவர் வோல்ற்றைக் கூட்டப் பார்ப்பார், அல்லது ரான்ஸ்போமரைத் தூக்கித் தடாக விளிம்புக்கே கொண்டுவருவார். இரண்டும் பிழை. 35 வாற்று எல்.ஈ.டிக்கு மாற்றினால் அதே வயரில் மூன்று அம்பியர்தான் ஓடும். இழப்பு அரை வோல்ற்றுக்குச் சற்று மேல். மங்கலும் தீரும், மின்கட்டணமும் குறையும், இணைப்புகளில் சூடும் இராது. இன்று தடாக விளக்குக்காகச் செய்யக்கூடிய செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது இல்லை என்பது என் கருத்து.

மின்வெட்டுக் காலத்தில் நாம் எல்லாரும் ஜெனரேற்றர் வாங்கிவிட்டோம். அதிலும் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. சிறிய ஜெனரேற்றர்கள் பலவற்றில் நியூற்றல் எதனோடும் இணையாமல் தனியே நிற்கும். நிலத்துக்குள் கசிந்த மின்சாரம் ஜெனரேற்றருக்குத் திரும்பி வர ஒரு பாதை இருந்தால்தான் ட்ரிப் சுவிட்சுக்குக் கசிவு தெரியும். பாதை இல்லையென்றால் முதல் பழுது யாருக்கும் தெரியாமல் உள்ளே கிடக்கும். இரண்டாவது பழுது வரும் நாளில் ஆள் அகப்படுவார். சோதனைப் பொத்தானை அழுத்தினால் அப்போதும் ட்ரிப் சுவிட்ச் விழும், அது ஏமாற்றிவிடும். மாற்றுச் சுவிட்ச் பொருத்தும்போதே ஜெனரேற்றரின் நியூற்றலையும் ஏர்த்தையும் முறைப்படி அமைத்துத் தரும்படி மின்னியலாளரிடம் கேளுங்கள். ஜெனரேற்றர் ஓடும்போதும் ஒருமுறை கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த அமைப்பு இல்லாத இடத்தில், ஜெனரேற்றரில் ஓடும் நேரம் தடாக விளக்கை எரியவிட வேண்டாம்.

கடற்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பல பம்ப் அறைகளில் காற்றைவிடக் கொடிய ஒன்றை நாமே கொண்டுபோய் வைக்கிறோம். குளோரீனையும் அமிலக் கானையும் மின்பலகைக்குக் கீழே அடுக்கிவைக்கிறோம். மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் போதும், அந்த ஆவி செம்பைப் பச்சையாக்கும், தொடுகைகளைத் தின்னும், ட்ரிப் சுவிட்சை இறுக்கும். மருந்துக்குத் தனி அறை, மின்பலகைக்குத் தனி அறை. ரைமர் பெட்டிக்குள் வயர் மேலிருந்து இறங்கக் கூடாது. கீழிருந்து ஏற வேண்டும், நுழையும் துளை கிளாண்டால் இறுக்கப்பட வேண்டும். திறந்த துளை வழியே எறும்பும் பல்லியும் போகும். தொடுகைகளுக்கிடையே எறும்பு நசுங்கிச் சேர்ந்து கொன்ராக்ரர் ஒட்டாமல் போன இடங்கள் நம் ஊரில் நிறைய. பெட்டியை அடிக்கடி திறப்பதும் நல்லதல்ல. இங்கே சூரியன் கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னரே மறையும், ஆடியில் ஆறரையை ஒட்டி மறையும். அதற்காக மாதாமாதம் ஈரக்கையோடு அந்தப் பெட்டியைத் திறந்து பற்களைத் தள்ளுகிறார்கள். பொழுது சாய்வதைத் தானே கணக்கிடும் ரைமர் வாங்கினால் பெட்டியைத் திறக்கும் வேலையே குறையும்.

சரி, விளக்கு எரியவில்லை. எப்படிக் கழற்றுவது? முதலில் தண்ணீரில் ஒருவரும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பலகையில் அந்தச் சுற்றின் பிறேக்கரையும், இரண்டு வயரையும் சேர்த்து வெட்டும் சுவிட்சையும் அணையுங்கள். அந்தச் சுவிட்சில் ஒரு பூட்டைப் போடுங்கள். பூட்டின் சாவி தண்ணீரில் வேலை செய்யப்போகிறவரிடம் இருக்க வேண்டும், முகாமையாளரிடம் அல்ல. பூட்டோடு ஓர் அட்டை: தடாகத்தில் ஆள், போட வேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். பிறகு ரான்ஸ்போமரின் வெளியீட்டில் சோதித்துப் பாருங்கள். சோதிக்கும் கருவி வேலை செய்கிறதா என்பதை முதலில் கரண்ட் இருக்கும் வேறொரு புளக்கில் வைத்துப் பாருங்கள். விளக்குச் சுற்றைச் சோதியுங்கள். மறுபடியும் அந்தப் புளக்கில் வையுங்கள். இரண்டாவது முறை பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் கருவி பழுதாகியிருந்தால் அது பொய் சொல்லியிருக்கும். விரலளவு டெஸ்ரர் ஸ்குரூ டிரைவரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

ஒழுங்காகக் கட்டிய தடாகத்தில் விளக்குக் குழிக்குள் வயர் சுருட்டி வைத்திருப்பார்கள். விளக்கைக் கரைக்கு எடுத்து உலர்ந்த இடத்தில் வைத்து வேலை செய்யத்தான் அந்த நீளம். தண்ணீருக்குள் நின்றபடி திறக்க வேண்டியதே இல்லை. அந்த நீளம் இல்லாமல் யாராவது வெட்டிக் குறைத்திருந்தால், தண்ணீருக்குள் ஒட்டுப்போட்டு நீட்டாதீர்கள். முழு வயரையும் மாற்றுங்கள். ஒருமுறை திறந்த விளக்கின் ரப்பர் வளையத்தை மறுபடி போடக் கூடாது, புதிது போட வேண்டும். கண்ணாடிக்குள் ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் அந்த விளக்கு முடிந்தது. உப்புக் குளோரீன் இயந்திரம் வைத்தவர்கள் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். கடல்நீரில் பத்தில் ஒரு பங்கு உப்புத்தான் அந்தத் தண்ணீரில் இருக்கிறது என்றாலும் விளக்கின் உலோக வளையத்தை அது அரித்துக்கொண்டே இருக்கும். பழைய இழை விளக்கைக் கரையில் வைத்து எரித்துப் பார்க்காதீர்கள்; தண்ணீர்தான் அதைக் குளிரவைக்கிறது, வெளியே சில நிமிடத்தில் கண்ணாடி வெடிக்கலாம்.

நான் சொன்னதெல்லாம் தடாகத்துக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். திருவிழாக் காலத்தில் நம் கோயில் கேணிகளைச் சுற்றிக் கட்டுகிற அலங்கார விளக்குகளைப் பாருங்கள். ஒட்டுப்போட்ட வயர் ஈரப் படிகளின் மேல் கிடக்கும். தீர்த்தமாட வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் இறங்குவார்கள். கோயில் தொண்டர்களிடமும் இதைப் போய்ச் சொல்லுங்கள்.

விடுதி நடத்துபவர்களிடம் மனம் திறந்து ஒன்று கேட்கிறேன். தடாகம் பார்க்க வைத்திருக்கும் பிள்ளைக்கு என்ன பயிற்சி கொடுத்திருக்கிறோம்? பெரும்பாலும் வலை பிடிக்கவும் மருந்து கலக்கவும் மட்டும். அவனை விளக்கைக் கழற்றச் சொல்வது அவன் உயிரை வைத்துப் பணம் மிச்சம் பிடிப்பது. தகுதிச் சான்றிதழ் உள்ள மின்னியலாளரை அழையுங்கள், பங்குனி அவசரத்தில் அல்ல, மாரி ஓய்ந்ததும் மாசியிலேயே. பம்ப் அறை காய்ந்து, வயர்கள் காய்ந்து, அளந்து பார்க்க நேரம் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஓர் உரிமையையும் எழுதிக் கொடுங்கள்: பூட்டுப் போடாத சுற்றில் இறங்க மாட்டேன் என்று அவன் சொன்னால் அவனுக்கு வேலை போகாது என்று.

கடைசியாக, நடக்கக் கூடாதது நடந்தால். தண்ணீரில் உடல் சிலிர்ப்பதுபோல, எறும்பு ஊர்வதுபோலத் தோன்றினால் அது எச்சரிக்கை. வந்த பக்கமே திரும்பி, விளக்கையும் உலோக ஏணியையும் விட்டு விலகி வெளியேறுங்கள். ஒருவர் தண்ணீரில் அசையாமல் கிடந்தால் குதிக்காதீர்கள். அக்யாசியில் காப்பாற்றப் போய் இறந்த இருவரும், ஹியூஸ்ரனில் இறந்தவரும் அன்பினால் போனவர்கள். முதலில் ஒருவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று சமையலறையில் வேலை செய்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உலர்ந்த கயிறு, மிதவை, மின்சாரம் கடத்தாத நீண்ட கழி தடாகத்தருகே எப்போதும் இருக்க வேண்டும். இழுப்பதற்கு அலுமினியக் கழியைப் பயன்படுத்தக் கூடாது. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அது வரும்வரை, மூச்சு இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் இரு கையையும் வைத்து ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். நீரில் மூழ்கியவருக்கு இடையிடையே வாயால் காற்று ஊதுவதும் முக்கியம். கரண்டினால் இதயம் ஒழுங்கிழந்தவர் பிழைக்கும் வாய்ப்பை, உடனே தொடங்கிய இந்த அழுத்தம் கூட்டும்; நிமிடங்கள் போகப் போக அது குறையும்.

மேசையில் ஒரு ட்ரிப் சுவிட்ச் சோதனைக் கருவியும், ஒரு பாதுகாப்பு ரான்ஸ்போமரும், பூட்டுப் போடக்கூடிய ஒரு சுவிட்சும் வைத்திருக்கிறேன். கேள்விகள் முடிந்ததும் வயரிங் பழகும் பிள்ளைகள் முதலில் வாருங்கள். ஒவ்வொருவரும் கருவியைக் கையில் பிடித்து ஒருமுறையாவது அளந்துவிட்டுத்தான் போக வேண்டும்.